எந்த வரியில் இருக்கிறது என்று கேள்

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் உன் ஃபோன் கார்டு முடிந்துவிட்டது. “அம்மா, இந்தப் பசங்களுக்கு என்னைவிட கிராமர் நல்லா தெரியுது. வொக்காபுலரி எல்லாம் டிக்‌ஷனரி மாதிரி ஒப்பிக்கிறாங்க. ஆனா ஒரு பாசேஜ் குடுத்து கொஸ்டின் கேட்டா பாதிக்கு மேல தப்பு. ஐ டோன்ட் கெட் இட். ஜூலைல அவங்களுக்கு காலேஜ் என்ட்ரன்ஸ் மா, நான் என்ன...” அதோடு சரி, லைன் போய்விட்டது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சமையலறையில் நின்றேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, “என்னவாம்? ஊர் ஒத்துக்கலையாமா?” என்றார். “ஊரெல்லாம் ஒத்துக்கிச்சு. வாத்தியார் வேலைதான் இன்னும் ஒத்துக்கலை” என்றேன். சிரித்துக்கொண்டே பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் இந்த வாரம் முழுக்க வேறு எதிலும் மனசு போகவில்லை. சீனாவில், ஹூனானில் ஏதோ ஓர் ஆற்றங்கரை ஊரில், அறுபது பிள்ளைகளுக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு நீ விழித்துக்கொண்டு நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈமெயிலில் தமிழ் அடிக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம், இரண்டே நிமிஷத்தில் படித்து முடித்திருப்பாய். அதனால்தான் எழுதவில்லை. நாலாவது வரைக்கும் நீ பொள்ளாச்சியில் படித்த தமிழ் இன்னும் உன்னிடம் இருக்கிறது. மெதுவாகப் படிப்பாய். சில சொற்களில் நிற்பாய், முன்னால் போய்விட்டுத் திரும்பி வருவாய், ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். அப்படியே படி. உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னால் எழுத முடியாது.

வெய்யை உனக்கு நினைவிருக்கும். மில்பிடாஸ் அபார்ட்மென்டில் நமக்குக் கீழ்வீட்டுப் பெண். லின் அங்கிளின் ஒரே மகள், பள்ளியில் உன் வகுப்பு. ஆனால் அவளும் நானும் நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தோம் என்று உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது உனக்குப் பதினாறு வயது. மார்ச்சிங் பேண்டும் ஃப்ரிட்ஜும்தான் உன் உலகம். நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த மேஜையில்தான் கிடைத்தது. அதை முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் இங்கே அமெரிக்காவுக்கு வந்தபோது டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் பத்து வருஷம் ஆங்கிலம் நடத்திவிட்டு வந்தவள், காலையில் உன்னையும் உன் அப்பாவையும் அனுப்பிவிட்டால் மாலை வரைக்கும் பேச ஆள் இல்லாமல் கிடந்தேன். அப்படி ஆறு வருஷம் போன பிறகுதான் வெய்யின் அம்மா லின் ஆன்ட்டியைப் பார்த்தேன், கீழே லாண்டரி ரூமில். துணி சுற்றும் நேரத்தில் நான் ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருப்பேன். அவர் எதிர் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்ப்பார். ஒரு நாள் புத்தகத்தைக் காட்டி, “யூ டீச்சர்?” என்றார். “முன்னாடி” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். துணியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடிப்போய் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். வெய் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, அம்மா சொல்வதை எனக்குச் சொன்னாள்: “எனக்கு இங்கிலீஷ் ரீடிங் சொல்லித்தர முடியுமா என்று கேட்கிறார். நீங்கள் கடையிலிருந்து பால் கேலனைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாராம். உங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறாராம்.”

அப்படித்தான் ஒப்பந்தம் ஆயிற்று. வாரத்தில் இரண்டு மாலை வெய் மேலே வருவாள். சனிக்கிழமை காலையில் நான் லின் ஆன்ட்டியின் பழைய காரில், மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் பார்க்கிங் லாட்டில் வட்டமடிப்பேன். அவருக்கு மொத்தம் முப்பது நாற்பது ஆங்கிலச் சொற்கள் தெரியும். கார் ஓட்ட அவற்றில் மூன்று போதும்: ஸ்லோ, ஸ்டாப், கோ. இந்த மூன்றையும் அவர் எத்தனை குரலில் சொல்வார் தெரியுமா? ஒரு “ஸ்லோ”வுக்கு ‘நன்றாகத்தான் ஓட்டுகிறாய்’ என்று அர்த்தம். இன்னொரு “ஸ்லோ”வுக்கு ‘நாம் இரண்டு பேரும் சாகப்போகிறோம்’ என்று அர்த்தம். எனக்கு இரண்டும் நன்றாகப் புரிந்தது.

வெய்யுடன் அப்படிச் சுலபமாக இல்லை. கணக்கில் அவள் உனக்கே சொல்லிக்கொடுத்தவள், நீ மறந்திருக்க மாட்டாய். ஆங்கிலச் சொற்களை அட்டை அட்டையாக எழுதிக் காலையில் பல் துலக்கும்போதே மனப்பாடம் செய்வாள். என் வகுப்பில்கூட அத்தனை கடினமான சொற்களை நான் நடத்தியதில்லை. இங்கே கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. பரீட்சையின் ரீடிங் பகுதியை எடுத்தால் மட்டும் விழுந்துவிடுவாள். முதல் ஒரு மாதம் நானும் மற்ற எல்லாரையும் போலத்தான் செய்தேன். தப்பான விடையை அடித்துவிட்டுச் சரியான விடையைச் சொல்வேன், ஏன் சரி என்று விளக்குவேன். “யெஸ் ஆன்ட்டி” என்று தலையாட்டுவாள். அடுத்த பாசேஜில் அதே தப்பு. என் பொள்ளாச்சிப் பெண்களும் இப்படித்தான் “யெஸ் மிஸ்” என்பார்கள். உன் பிள்ளைகள் என்ன சொல்லித் தலையாட்டுகிறார்களோ, அதை நம்பாதே. அது புரிந்ததற்கான அடையாளம் இல்லை, மரியாதை.

கொஞ்ச நாள் கழித்து ஒன்று கண்ணில் பட்டது. அவளுடைய தப்புகள் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. பாசேஜில் ஒருவன் பேராசைக்காரனாக இருந்தாலும், ‘உழைப்பின் அருமையை உணர்ந்தவன்’ என்ற விடையை எடுப்பாள். எழுதியவர் கிண்டல் செய்திருப்பார், இவள் ‘பாராட்டுகிறார்’ என்பாள். எது நல்ல விடை என்று பார்த்தாள், எது அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. “உங்க ஸ்கூல்ல பாடம் படிச்சு முடிச்சதும் டீச்சர் என்ன கேப்பாங்க?” என்றேன். “இந்தப் பாடத்திலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன என்று கேட்பார்கள்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அதே கேள்விக்குப் பதில் எழுதித்தான் வளர்ந்தேன். அன்று முதல் எங்களுக்குள் ஒரே ஒரு விதி வைத்தேன். விடை சரியா தப்பா என்று நான் சொல்லமாட்டேன். “அது எந்த வரியில் இருக்கிறது?” என்று மட்டும் கேட்பேன். அவள் அந்த வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

இது அவளுக்குப் பிடிக்கவில்லை. நேரம் வீணாகிறது என்றாள். வீட்டிலும் நெருக்கடி இருந்தது. லின் அங்கிள் அவளுக்கு எட்டு ஒன்பது வயதாக இருக்கும்போதே தனியாக இங்கே படிக்க வந்துவிட்டவர். ஐந்து வருஷம் கழித்துத்தான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடிந்தது. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் ஷிஃப்ட் எஞ்சினியராகச் சேர்ந்திருந்தார். வீட்டில் அவரும் மகளும் பேசுவது மார்க்கைப் பற்றி மட்டும். குளிர்காலம் தொடங்கியபோது ஒரு மாலை வெய் பென்சிலைச் சீவிக்கொண்டே, வானிலை அறிக்கை படிப்பதைப் போலச் சொன்னாள்: “ரீடிங் மார்க் ஏறாவிட்டால் இங்கே நல்ல கல்லூரி கிடைக்காது என்கிறார் அப்பா. நான் வூஹானுக்குத் திரும்பிப் போய், அத்தை வீட்டில் தங்கி, அங்கேயே பரீட்சை எழுத வேண்டுமாம். அங்கே என்றால் முதலாவதாக வருவேனாம்.” “உங்கம்மா என்ன சொல்றாங்க?” என்றேன். “அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.” அடுத்த சனிக்கிழமை பார்க்கிங் லாட்டில் லின் ஆன்ட்டி என்னிடம் “ஸ்லோ” என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஒரு விளக்குக் கம்பத்தை ஒட்டிக்கொண்டு போனதையும் அவர் கவனிக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதில் நீயும் வருகிறாய். ஒரு பாசேஜ். கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் பல வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறார். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடுகிறார்கள். மூத்த மகள் மட்டும் சமையலறையிலேயே நிற்கிறாள், கையில் இருக்கும் தட்டை ஏற்கெனவே துடைத்தாயிற்று, மறுபடியும் துடைக்கிறாள். அந்தப் பெண் ஏன் வெளியே வரவில்லை என்பது கேள்வி. வேலை இன்னும் முடியவில்லை, அப்பாவைப் பிடிக்காது, இத்தனை நாள் கழித்து அவரை எப்படி எதிர்கொள்வது என்று தெரியவில்லை, அவர் வந்தது காதில் விழவில்லை என்று நான்கு விடைகள். வெய் முதல் விடையைக் குறித்திருந்தாள். நீ ஆரஞ்சு ஜூஸ் டம்ளரோடு அந்தப் பக்கம் போனவன், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். “ஆன்சர் சி. இட்ஸ் ஸோ ஆப்வியஸ்” என்றாய். நான், “எந்த வரியில இருக்கு கண்ணு, காட்டு” என்றேன். “ஐ ஜஸ்ட் நோ, மா” என்று சொல்லிவிட்டு பேண்ட் பிராக்டிஸுக்குப் போய்விட்டாய். உன் மேல் தப்பில்லை. உனக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை. இப்போது உன் வகுப்பில் நீ படும் பாடும் அதுதான் என்று நினைக்கிறேன். உனக்கு விடை உடனே தெரிந்துவிடுகிறது. நீ நடந்து வராத வழியை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவாய்? வகுப்புக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு விடைக்கும் நீயே ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துக்கொள். மெனக்கெட வேண்டியிருக்கும், எனக்கும் இருந்தது.

நீ போனதும் வெய் புத்தகத்தை மூடிவிட்டாள். நான் அதைத் திறந்து வைத்து, “உன் விடை எந்த வரியில் இருக்கிறது?” என்று கேட்டேன். “தப்புதானே, கதிர் சொன்னானே” என்றாள். “தப்பா இருக்கட்டும். எங்கிருந்து எடுத்தாய்?” தட்டைத் துடைக்கும் வரியில் விரலை வைத்தாள். “அவளுக்கு வேலை இருக்கிறது. துடைக்கிறாள்.” “முழுசாகப் படி” என்றேன். படித்தாள். ஏற்கெனவே துடைத்தாயிற்று என்ற இடத்தில் குரல் நின்றது. விரல் அங்கேயே இருந்தது. ரொம்ப நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரியில் நடத்திய காலத்தில் என்னால் அப்படிப் பேசாமல் இருந்திருக்க முடியாது. மணி அடித்துவிடுமே என்று நானே விடையைச் சொல்லியிருப்பேன்.

பிறகு அவள் தலை நிமிராமல் சொன்னாள். “சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் அப்பா எங்களைக் கூப்பிட வந்திருந்தார். அம்மா ஓடினார். நான் வண்டியிலிருந்த பெட்டியின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் அவிழ்ந்திருக்கவில்லை, ஆன்ட்டி. நன்றாகத்தான் இருந்தது.” அதன் பிறகு பென்சிலை எடுத்து, குறித்திருந்த விடையை அழித்துவிட்டு மூன்றாவதைக் குறித்தாள். அழித்த தூளைக் கையால் ஒதுக்கி, எழுந்து போய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அடுத்த பாசேஜ்” என்றாள்.

அவளுக்கு ஆங்கிலம் புரியாமல் அந்த விடையைக் குறிக்கவில்லை. தட்டைத் துடைக்கும் அந்தப் பெண்ணை அவளுக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஒரு பிள்ளை தப்பான விடை சொன்னால் அது காற்றிலிருந்து வருவதில்லை கதிர். ஏதோ ஒரு வரியிலிருந்து வருகிறது. அல்லது அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து வருகிறது. எங்கிருந்து என்று கேட்காமலே அடித்துவிட்டால், அதே இடத்திலிருந்து அடுத்த தப்பும் வரும்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், நீயும் உன் அப்பாவும் பேண்ட் போட்டிக்காக சாக்ரமென்டோ போயிருந்தபோது, லின் அங்கிளே மேலே வந்தார். இது உனக்குத் தெரியாது. வெய் மேஜையில் இருந்தாள். அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, கொண்டு வந்த ஆரஞ்சுப் பழப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. “நீங்கள் நன்றாகச் சொல்லித்தருகிறீர்கள். ஆனால் இவள் முன்னைவிட மெதுவாகப் படிக்கிறாள். நேற்றைய பிராக்டிஸ் டெஸ்ட்டை முடிக்கவே இல்லை. பரீட்சையில் விரல் வைக்க நேரம் ஏது?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த டெஸ்ட்டில் அவள் மார்க் இறங்கித்தான் இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நான் வாத்தியார் வேலை பார்த்துப் பார்த்து ஒரு பெண்ணை வீட்டைவிட்டே அனுப்பிவைத்துவிடுவேனோ என்று.

“ஒரு பாசேஜ் நீங்களே செய்து பாருங்கள், நாங்கள் என்ன செய்கிறோம் என்று புரியும்” என்று புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. புத்தகம் எந்தப் பக்கத்தில் விரிந்து விரிந்து பழகியிருந்ததோ அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது. கப்பல்காரர் வீடு திரும்பும் கதை. வெய் என்னைப் பார்த்தாள். லின் அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். பேனாவை எடுத்து முதல் விடைக்கு நேரே சின்னதாக ஒரு டிக் போட்டார். “வேலை முடியவில்லை. பொறுப்பான பெண்” என்றார்.

வெய்தான் கேட்டாள். அதுவரைக்கும் அவள் தன் அப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை. “எந்த வரியில் இருக்கிறது, அப்பா?” ஆங்கிலத்தில், என் குரலிலேயே கேட்டாள். அவர் விரலை வைத்தார். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து கையை நீட்டி, அவர் விரலைப் பிடித்து, ஒரு சொல் முன்னால், ‘ஏற்கெனவே’ என்பதன்மேல் நகர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் சீன மொழியில் பேசினார்கள். நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன். பால் பொங்கும் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் வந்தது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு அழுகையோடு. அவர் ஒன்றிரண்டு சொற்கள் சொன்னார். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அங்கே என்ன நடந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. நான் மூன்று டம்ளரோடு வந்தபோது அவர் கண்ணாடி மேஜைமேல் இருந்தது. முகத்தைத் துடைத்திருந்தார். அவர் என்ன சொன்னார் என்று வெய் எனக்கு அடுத்த வாரம்தான் சொன்னாள். “ஏர்போர்ட்டில் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாய். வேலையாக இருக்கிறாய், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன். அன்றிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்” என்றாராம். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் அவர்கள் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே. அவர் காபியைக் குடித்துவிட்டு, இவ்வளவு சர்க்கரையா என்று முகம் சுளித்துவிட்டு, “இருந்தாலும் நேரத்தையும் பார்க்க வேண்டும்” என்றுதான் எழுந்தார். அதுவும் சரிதான் என்று நானும் அதன் பிறகு கடிகாரம் வைத்தேன். விரல் வைத்துப் பழகினால் கொஞ்ச நாளில் விரல் தேவைப்படாது, கண்ணே போய் அந்த வரியில் நிற்கும். ஆனால் அது வரும்வரை மார்க் இறங்கும். உன் பிள்ளைகளுக்கும் இறங்கும், பிரின்சிபால் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அதற்குத் தயாராக இரு. ஜூலைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது, அந்த அளவு நேரம் போதும். ஜூனில் தொடங்கினால் போதாது. வூஹான் பேச்சை லின் அங்கிள் அதன் பிறகு எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதை லின் ஆன்ட்டி எனக்குச் சொல்லவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை பார்க்கிங் லாட்டில் அவர் “ஸ்லோ, ஸ்லோ, ஸ்லோ” என்று கத்திய கத்தில் நானே தெரிந்துகொண்டேன்.

பரீட்சை நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும், பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீதானே. மே மாதத்துச் சனிக்கிழமை, உன் அப்பா வேலையாக ஆஸ்டின் போயிருந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் ஹேவர்டில் ஒரு பள்ளியில் சென்டர். லின் ஆன்ட்டி உங்களைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. காலையில் அவர் கார் கிளம்பவில்லை, பேட்டரி போய்விட்டது. லின் அங்கிள் இரவு ஷிஃப்ட்டிலிருந்து இன்னும் வரவில்லை. நம் கார் கீழே நின்றது, சாவி என் கையில் இருந்தது, லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனால் நான் அதுவரை ஃப்ரீவேயில் ஏறியதே இல்லை. “அம்மா, யூ கேன்ட் டிரைவ் ஆன் எய்ட்-எய்ட்டி” என்றாய். “வேற யாரு ஓட்டுவா? ஏறு சாமி” என்றேன். லின் ஆன்ட்டி பக்கத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ஃப்ரீவேயில் ஏறும் வளைவில் ஒரு பெரிய லாரி என் ஜன்னலை மறைத்துக்கொண்டு வந்தது. நான் பிரேக்கில் காலை வைக்கப் போனேன். “நோ ஸ்லோ! கோ! கோ!” என்று அவர் டாஷ்போர்டில் அடித்தார். போனேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு “கோ” கேட்டதில்லை. பின்னால் வெய் சிரித்த சத்தம் கேட்டது. பரீட்சைக்குப் போகும் பெண் சிரிக்கிறாளே என்று எனக்கு அந்த நடுக்கத்திலும் சந்தோஷமாக இருந்தது.

உங்களை இறக்கிவிட்டதும் நீ திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாய். அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில், கம்பெனி பேட்ஜைக்கூடக் கழற்றாமல் லின் அங்கிள் நின்றுகொண்டிருந்தார். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு நேரே அங்கே வந்திருந்தார். நாங்கள் வந்து சேராத அந்த அரை மணி நேரத்தில் அவருக்கு என்ன ஆகியிருக்குமோ. வெய் அவரிடம் போனாள். அவர் அவள் பென்சில்களை வாங்கி, முனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் கூராகத்தான் இருந்தன. அவளும் பொறுமையாக அவர் பார்த்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு உள்ளே போனாள். “வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், நாங்கள் இருக்கிறோம்” என்று நான் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், போகவில்லை. காரில் வந்து உட்காரவும் மாட்டேன் என்றுவிட்டார். மூடிய வானம், நல்ல குளிர். மதியம் பரீட்சை முடியும்வரை அந்தக் கேட்டிலேயே நின்றார்.

மார்க் எவ்வளவு வந்தது என்று உனக்குத் தெரியும். ரீடிங்கில் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். உனக்கு வந்ததற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் ஆசைப்பட்ட பெரிய யூனிவர்சிட்டி கிடைக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தாள், தினமும் வீட்டிலிருந்து போய்வந்தாள். இப்போது ஃபார்மஸி படிக்கிறாள். போன மாதம் ஃப்ரீமான்டில் காய் வாங்கும்போது பார்த்தேன். “இன்னும் நாவல் என்றால் எனக்கு அலர்ஜி, ஆன்ட்டி. நீங்களும் அந்தப் பாசேஜ்களும் சேர்ந்து என்னைப் பயமுறுத்திவிட்டீர்கள்” என்றாள். ஆகவே என் சொல்லித்தரும் முறையைப் பெரிதாக நம்பிக்கொண்டு போகாதே. உன் அறுபது பேரில் பலருக்கு மார்க் ஏறும், சிலருக்கு ஏறாது. ஏறாதவர்கள் உன்னால் ஏறவில்லை என்று நீ அங்கே உட்கார்ந்து வருந்தாதே. அவர்கள் தொட்டுக் காட்டுவதை நீ பொறுமையாகப் பார்த்தாய் என்பது அவர்களுக்கு நினைவிருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் அப்பா தபால் ஆபீஸ் மூடிவிடும் என்று வாசலில் நிற்கிறார். அன்றைக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது நீ நேரே என்னிடம் வந்து, “ரீடிங் வாஸ் ஈஸி மா” என்றாய். வெய் தன் அப்பாவிடம் போனாள். மார்க் வெறி பிடித்த மனிதர், எத்தனை கேள்வி விட்டாய் என்றுதான் கேட்கப் போகிறார் என்று நான் பயந்துகொண்டு பார்த்தேன். அவர் ஏதோ இரண்டு மூன்று சொல் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். என்ன கேட்டார் என்று லின் ஆன்ட்டியிடம் ஜாடையில் கேட்டேன். அவர் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, “ஹி ஆஸ்க், ஈட் ஆர் நோ ஈட்” என்றார். நம் வீட்டில் கேட்பதைப் போலவேதான். ஜூலையில் உன் பிள்ளைகள் பரீட்சை எழுதும் நாளில் நீ அவர்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சம் இருக்காது. இருந்தாலும் போய் கேட்டில் நில். வெயிலானாலும் மழையானாலும் நில். வெளியே வருகிறவர்களிடம் எந்தக் கேள்விக்கு என்ன விடை போட்டார்கள் என்று கேட்காதே. சாப்பிட்டாயா என்று கேட்க அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று இப்போதே யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள்.

அம்மா